டி உயிரணுக்களின் காவல்

மார்பெலும்பின் பின்புறத்தே, இதயத்திற்குச் சற்று மேலே, இரண்டு மடல்களை உடையதொரு சிறிய உறுப்பு இருக்கின்றது. தைமஸ் சுரப்பி என்பது அதன் பெயர். இளம்பருவத்தில் பெரிதாக இருக்கும் அவ்வுறுப்பு, ஆண்டு ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடும். முதியோர் உடலை அறுத்து ஆராய்ந்தவர்கள் அங்கே பெரும்பாலும் கொழுப்பையே கண்டார்கள். ஆதலின், இவ்வுறுப்பால் ஆவது யாதுமில்லை என்னும் எண்ணமே மருத்துவ அறிஞரிடையே நெடுங்காலம் நிலவிவந்தது. பயன் தெரியாத பொருளைப் பயனற்ற பொருள் என்று சொல்லிவிடுதல் கற்றோரிடத்தும் காணப்படும் வழக்கமே அன்றோ?

1961ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரில் ஆராய்ச்சி செய்துவந்த ஜாக் மில்லர் என்னும் இளைஞர் இவ்வெண்ணத்தை மாற்றினார். அவர், அப்பொழுதுதான் பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் தைமஸ் சுரப்பியை அகற்றிவிட்டு அவற்றை வளர்த்தார். குட்டிகள் சில கிழமைகள் நன்றாகவே வளர்ந்தன. பின்னர் மெலிந்தன, தொற்று நோய்களுக்கு இரையாயின. அவற்றின் குருதியில் ஒருவகை வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. வேறோர் இனத்து எலியின் தோலை அவற்றின் மேல் ஒட்டியபோது, அவ்வேற்றுத் தோலைப் புறந்தள்ளாமல் அவை ஏற்றுக்கொண்டன. தன்னுடையது எது, பிறிது எது என்று பகுத்தறியும் ஆற்றல் அவ்வெலிகளுக்கு இல்லாமற் போயிற்று. தைமஸ் சுரப்பியில் பயின்று வெளிவரும் வெள்ளணுக்களே அவ்வாற்றலை உடையன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அச்சுரப்பியினது ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு அவற்றுக்கு 'டி உயிரணுக்கள்' என்று பெயரிட்டனர்.

டி உயிரணுக்கள் பிறக்கும் இடம் எலும்பு மச்சை. பயிலும் இடம் தைமஸ். அப்பயிற்சி மிகக் கடுமையானது. உடலின் சொந்த உயிரணுக்களையே பகையென மயங்கித் தாக்கக்கூடியவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. ஒன்றையும் அறிந்துகொள்ள மாட்டாதவையும் மடிகின்றன. புகுந்தவற்றுள் நூற்றில் மிகச் சிலவே தேர்ச்சி பெற்று வெளிவருகின்றன. அங்ஙனம் வருவனவற்றுள் இருவகை தலைமையானவை. ஒன்று, ஏவும் தொழிலை உடையது. இதனைத் துணை டி உயிரணு என்பர். மற்றொன்று, நோய் புகுந்த உயிரணுவைக் கொல்லும் தொழிலை உடையது. இதனைக் கொல்லி டி உயிரணு என்பர். துணை உயிரணுவின் மேற்புறத்தே சி.டி.4 என்னும் புரதமும், கொல்லி உயிரணுவின் மேற்புறத்தே சி.டி.8 என்னும் புரதமும் அடையாளமாக அமைந்துள்ளன.

உயிரணுவின் உள்ளே ஒளிந்திருக்கும் பகையைக் கொல்லி உயிரணு வெளியிலிருந்து அறிவது எவ்வாறு? நெல் மண்டியில் வணிகர் மூட்டையை அவிழ்ப்பதில்லை. குத்தூசியைச் செருகி ஒரு கையளவு நெல்லை வெளியே எடுத்துப் பார்த்து, உள்ளிருப்பது இன்னது என்று அறிந்துகொள்வர். நம் உடலில் உயிரணுக்கள் தாமே இதனைச் செய்கின்றன. தம்முள்ளே உண்டாகும் புரதங்களைச் சிறு துணுக்குகளாக நறுக்கி, எச்.எல்.ஏ. என்னும் ஏந்து தட்டில் வைத்து, மேற்புறத்தே காட்டிய வண்ணம் இருக்கின்றன. தட்டில் உள்ளது சொந்தத் துணுக்காயின் கொல்லி உயிரணு கடந்து செல்லும். வேற்றுத் துணுக்காயின், அவ்வுயிரணுவின் தோலைத் துளைத்து, உள்ளே நஞ்சைச் செலுத்தி, அதனையும் அதனுள் வளரும் பகையையும் ஒருங்கே அழிக்கும். தட்டும் துணுக்கும் சேர்ந்திருக்கும் நிலையிலேயே கொல்லி உயிரணு பகையை இனங்காண்கிறது என்பதை, ஆஸ்திரேலிய நாட்டுக் கான்பெரா நகரில், பீட்டர் டோகர்ட்டி, ரோல்ஃப் சிங்கர்நாகல் என்னும் இருவர் 1973ஆம் ஆண்டு தொடங்கிச் செய்த ஆய்வுகளால் கண்டனர். அதற்காக 1996இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஏந்து தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க. அது பின்னர் வேண்டப்படும்.

இத்தகைய காவல் அமைந்த உடலுக்குள், அக்காவலரையே குறிவைக்கும் பகையொன்று புகுந்தால் என்ன ஆகும்? அவ்வினாவிற்கு விடை 1981ஆம் ஆண்டில் கிடைத்தது. அவ்வாண்டு சூன் திங்கள் 5ஆம் நாள் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இளைஞர் ஐவருக்கு நுரையீரலில் அரிய பூஞ்சைக் காய்ச்சல் கண்டிருக்கிறது என்பதே அதன் செய்தி. நல்ல உடல் உள்ளவரை அப்பூஞ்சை ஒன்றும் செய்யாது. அத்தகையோரைச் சோதித்தபோது துணை டி உயிரணுக்கள் அவர்தம் குருதியில் அற்றுப்போகும் நிலையில் இருந்தன. 1983ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி என்னும் அம்மையாரும், லூக் மோந்தாஞியே என்பவரும், அவர்தம் துணைவரும் இந்நோய்க்குக் காரணமான நச்சுயிரியைப் பிரித்தெடுத்தனர். பின்னர் அதற்கு எச்.ஐ.வி. என்ற பெயர் வழங்கலாயிற்று. துணை உயிரணுவின் அடையாளமாகிய அந்தச் சி.டி.4 புரதத்தையே வாயிலாகக் கொண்டு அது உள்ளே நுழைகின்றது என்பது 1984இல் தெரிந்தது.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக அறியப்பட்டது சென்னையிலேயாம். 1986ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் அம்மையாரும் அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் குருதி மாதிரிகளைத் திரட்டிச் சோதித்தனர். அவற்றுள் ஆறில் எச்.ஐ.வி.யின் அடையாளம் காணப்பட்டது. இந்நோய் இந்நாட்டில் இல்லை என்று பலர் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பின்னர், நோயாளரைத் தொடவும் அஞ்சியோர் மலிந்த நாளில், அவர்களுக்கென 1993இல் ஒரு நிலையத்தை நிறுவி, 2015இல் தாம் மறையும் வரையில் அம்மையார் தொண்டாற்றினார். குருதி, உடலுறவு, தாயிடமிருந்து சேய் ஆகிய வழிகளில் பரவும் இந்நோய், உடன் அமர்ந்து உண்பதாலோ கைகோத்து நடப்பதாலோ பரவுவது அன்று.

எச்.ஐ.வி. தன்னைப் பெருக்கிக்கொள்ளும் முறை வியப்பானது. அதன் மரபுச் செய்தி ஏறத்தாழ 9,700 எழுத்துகளால் ஆன சிறு சுவடியாகும். அச்சுவடி ஆர்.என்.ஏ. என்னும் எழுத்தில் இருப்பது. நம் உயிரணுவின் சுவடியோ டி.என்.ஏ. என்னும் எழுத்தில் இருப்பது. உள்ளே புகுந்த நச்சுயிரி, முதலில் தன் சுவடியை டி.என்.ஏ. எழுத்தாகப் பெயர்த்து எழுதுகிறது. பிறகு அதனை நம் சுவடியின் ஏடுகளுக்கு இடையே செருகிவிடுகிறது. பழைய நூல்களில் பிறர் பாட்டை நுழைத்துவிடும் இடைச்செருகல் போன்றது இது. செருகியபின் இது வேறு, அது வேறு என்று பிரித்தல் அரிது. உயிரணு தன் ஏட்டைப் படிக்கும்போது செருகிய ஏட்டையும் சேர்த்துப் படிக்கிறது. படித்து, பகைவனின் படிகளைத் தானே ஆயிரக்கணக்கில் ஆக்கித் தருகிறது. மருந்து உண்ணாத ஒருவர் உடலில் நாள்தோறும் ஆயிரங்கோடி அளவில் புதிய நச்சுயிரிகள் தோன்றுகின்றன என்று 1996இல் கணக்கிட்டனர்.

நோய் புகுந்த முதற் கிழமைகளில் நச்சுயிரி குருதியில் தடையின்றிப் பெருகுகிறது. ஒரு மில்லி லிட்டரில் பல இலக்கம் படிகள் காணப்படுவதும் உண்டு. பின்பு, மருந்து எதுவும் இன்றியே அத்தொகை மிகவும் குறைந்து ஒரு நிலையில் நிற்கிறது. குறைத்தது யார்? நச்சுயிரியைப் பற்றிச் செயலறச் செய்யும் எதிர்ப்பொருள்கள் அப்பொழுது இன்னும் தோன்றியிருப்பதில்லை. கொல்லி டி உயிரணுக்கள் எழும் நேரமும், நச்சுயிரி தாழும் நேரமும் ஒன்றாக இருத்தலை 1994இல் இரண்டு ஆராய்ச்சிக் குழுவினர் தனித்தனியே கண்டனர். ஆயினும் இரண்டு செயல்கள் ஒருங்கே நிகழ்வதனாலேயே ஒன்று மற்றொன்றற்குக் காரணம் ஆகிவிடாது. சேவல் கூவுவதும் கதிர் எழுவதும் ஒரே பொழுதில்தான்.

1999ஆம் ஆண்டில் இவ்வையம் நீங்கிற்று. குரங்குகளுக்கு எச்.ஐ.வி.யை ஒத்த எஸ்.ஐ.வி. என்னும் நச்சுயிரி உண்டு. அந்நோய் உற்ற குரங்குகளின் உடலிலிருந்து கொல்லி டி உயிரணுக்களை மட்டும் ஒரு மருந்தினால் சில நாள் நீக்கிவைத்தனர். உடனே குருதியில் நச்சுயிரி பொங்கி எழுந்தது. அவ்வுயிரணுக்கள் மீண்டும் தோன்றியபோது அது தாழ்ந்தது. காவலரை விலக்கினால் கள்வர் பெருகுதலும், காவலர் வந்தால் கள்வர் அடங்குதலும் கண்கூடாயிற்று.

அங்ஙனமாயின், கொல்லி உயிரணுக்கள் நோயை முற்றும் அழித்துவிடாமைக்குக் காரணம் என்னை? காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது, நச்சுயிரியின் எழுத்துப் பிழை. ஏடு பெயர்த்து எழுதுவோர் எத்துணைக் கவனம் உடையவராயினும் பிழை நேரும். அதனாலேயே ஒரு நூலுக்குப் பாடவேறுபாடுகள் பல உண்டாகின்றன. நம் உயிரணுக்களிலோ எழுதியதைச் சரிபார்க்கும் ஏற்பாடு உண்டு. எச்.ஐ.வி.யின் எழுத்தனுக்கு அஃது இல்லை. பிழைகள் அப்படியே நின்றுவிடுகின்றன. ஒரே நோயாளியின் உடலில் ஒன்றற்கொன்று சிறிதே வேறுபட்ட எண்ணற்ற படிகள் உலவுகின்றன. கொல்லி உயிரணு ஒரு துணுக்கை அறிந்து தாக்கும்போது, அத்துணுக்கில் ஓர் எழுத்து மாறிய படி அதன் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. தப்பியது பெருகுகிறது. புதிய துணுக்கை அறியப் புதிய கொல்லி உயிரணுக்கள் எழுவதற்குள் அடுத்த பிழை நேர்ந்துவிடுகிறது. புலவன் பிழையால் நூல் கெடும்; இந்நச்சுயிரியோ பிழையினாலேயே வாழ்கின்றது.

இரண்டாவது காரணம், துணை உயிரணுக்களின் அழிவு. அவற்றின் ஏவலும் ஊட்டமும் இல்லையேல் கொல்லி உயிரணுக்கள் நெடுநாள் போரிட மாட்டா. நல்லுடல் உடையவரிடத்து ஒரு கன மில்லி மீட்டர் குருதியில் துணை உயிரணுக்கள் 500 முதல் 1,500 வரை இருக்கும். நோய் முற்ற முற்ற அவை குறைந்து 200க்குக் கீழ்ப்பட்டால் அந்நிலையை எயிட்ஸ் என்பர். மருந்து உண்ணாதவர் பெரும்பாலோர் இந்நிலையை அடைய ஏறத்தாழப் பத்தாண்டு ஆகும். அப்பத்தாண்டும் உள்ளே நடப்பது அமைதியன்று, போர். ஓயாது போரிடும் கொல்லி உயிரணுக்கள் தாமும் களைத்துப் போகின்றன. அக்களைப்பின் அறிகுறியாக அவற்றின் மேற்புறத்தே பி.டி.1 என்னும் புரதம் மிகுதியாகத் தோன்றுவதைத் தென்னாப்பிரிக்க நாட்டு நோயாளரிடத்தில் 2006இல் கண்டனர்.

எல்லாரும் இங்ஙனம் தோற்பதில்லை. நோய் தொற்றியவருள் ஏறத்தாழ முந்நூற்றுவரில் ஒருவர், மருந்தே உண்ணாமல், சோதனைக்கும் அகப்படாத அளவில் நச்சுயிரியைப் பல்லாண்டு அடக்கி வைத்திருக்கின்றார். இவர்களைக் கட்டுப்படுத்துவோர் என்பர். இவர்களிடம் இருக்கும் கொல்லி உயிரணுக்கள் தொகையில் மிகுந்தவையோ என்று பார்த்தனர், அவ்வாறு இல்லை. மருந்தின்றி நோய் முற்றியவரிடத்தும் கொல்லி உயிரணுக்கள் ஏராளமாக இருந்தன. படையின் பெருமை எண்ணிக்கையில் இல்லை என்பது தெரிந்தது. வேறு எதில் உள்ளது என்பது தெரியவில்லை.

2010ஆம் ஆண்டில், பல நாட்டு அறிஞர் கூடி, கட்டுப்படுத்துவோர் ஏறத்தாழ 1,000 பேரையும் நோய் முற்றியவர் 2,600க்கு மேற்பட்டோரையும் ஒப்பிட்டனர். மரபணுத் தொகுதி முழுவதையும் தேடியும், வேறுபாடு ஓரிடத்திலேயே திரண்டு நின்றது. அவ்விடம், முன்னே கூறிய ஏந்து தட்டை ஆக்கும் மரபணுக்கள் இருக்கும் இடம். தட்டின் குழிவில் ஒரு சில அமினோ அமிலங்கள் வேறாக இருந்தால், அதில் அமரும் துணுக்கும் வேறாகிறது. பி57 என்னும் வகைத் தட்டை உடையார் பலர் நோயை அடக்கியிருந்தனர். எனினும் அத்தட்டு இருந்தும் நோயுற்றவர் உண்டு. அஃது இல்லாமலே நோயை அடக்கியவரும் உண்டு. ஆகவே விடை பாதியே கிடைத்தது.

மறுபாதியை விளங்கிக்கொள்ள ஒரு வெண்பாவை நினைத்துக்கொள்க. அதில் சில இடங்களில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறொரு சொல்லை வைத்தாலும் ஓசை கெடாது. வேறு சில இடங்களிலோ, ஒரு சீரை மாற்றினால் தளை தட்டும், எதுகை அழியும், ஒன்றைத் திருத்தப் புகுந்தவர் அடுத்த அடியையும் திருத்த வேண்டிவரும். இறுதியில் வெண்பா வெண்பாவாக இராது. நச்சுயிரியின் புரதமும் அத்தகையதே. அதன் அமினோ அமிலங்களுள் சில, தம்மைச் சூழ்ந்த பலவற்றோடு பிணைந்து நின்று முழு வடிவத்தையும் தாங்குகின்றன. அவ்விடத்தில் எழுத்துப் பிழை நேர்ந்தால் நச்சுயிரி தப்புவதில்லை; தானே குலைந்து போகிறது. பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர் கௌரவ் கைஹா, எலிசபெத் ரோசின், புரூஸ் வாக்கர் முதலியோர், புரதத்தின் ஒவ்வோர் அமிலமும் பிறவற்றோடு எத்துணைப் பிணைப்பு உடையது என்று கணக்கிட்டு, 2019இல் தம் முடிவை வெளியிட்டனர். கட்டுப்படுத்துவோரின் கொல்லி உயிரணுக்கள் பிணைப்பு மிகுந்த இடங்களையே குறிவைத்திருந்தன. தட்டு எவ்வகையினதாயினும் இம்முடிவு பொருந்திற்று. நோய் முற்றியவரின் கொல்லி உயிரணுக்களோ, மாற்றினால் கேடு வராத இடங்களைத் தாக்கித் தாக்கி ஓய்ந்திருந்தன.

இதனோடு இயைந்த சான்றொன்று முன்னரே கிடைத்திருந்தது. பி57 தட்டு உடையவரிடத்து, நச்சுயிரி சிற்சில வேளை அத்தகைய அருமையான இடத்தையும் மாற்றித் தப்புகிறது. தப்பினாலும் அதன் வலிமை குன்றிவிடுகிறது. அம்மாறிய படி, அத்தட்டு இல்லாத மற்றொருவருக்குத் தொற்றியபோது, மாறிய எழுத்து நாளடைவில் பழைய எழுத்தாகவே மீண்டுவிட்டது. இதனை 2004இல் வெளியிட்டனர். தாக்குவார் இல்லாதபோது தன் பழைய பாடத்திற்கே திரும்புகின்றதெனில், அம்மாற்றம் அதற்கு எத்துணைச் சுமையாக இருந்திருத்தல் வேண்டும்!

இவ்வறிவைக் கொண்டு தடுப்பூசி ஆக்க இயலுமா? டி உயிரணுக்களை எழுப்புவதற்கென்றே ஆக்கிய ஒரு தடுப்பூசியை ஏறத்தாழ 3,000 பேரிடம் சோதித்தனர். பயன் இல்லை என்று கண்டு 2007இல் அச்சோதனையை நிறுத்தினர். டி உயிரணுக்கள் எழத்தான் எழுந்தன, நோயைத் தடுக்கவில்லை. இன்று ஆராய்வோர், பிணைப்பு மிகுந்த இடங்களை மட்டும் தேர்ந்து டி உயிரணுக்களுக்குக் காட்டும் வழியைத் தேடுகின்றனர். இன்றளவும் எச்.ஐ.வி.க்குப் பயன்பாட்டுக்கு வந்த தடுப்பூசி இல்லை.

மருந்தோ உண்டு. 1996 முதல் பல மருந்துகளைக் கூட்டிக் கொடுக்கும் முறை வழக்கிற்கு வந்தபின், மருந்து பெற்றோரிடையே இந்நோயால் இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. நாள்தோறும் தவறாது மாத்திரை உண்பவரின் குருதியில் நச்சுயிரி சோதனைக்கு அகப்படாத நிலைக்குத் தாழ்கிறது. துணை உயிரணுக்கள் மீண்டும் பெருகுகின்றன. அந்நிலையில் உடலுறவு வழியாக அவரிடமிருந்து பிறருக்கு நோய் பரவுவதில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்தினால், பெரும்பாலோரிடத்துச் சில கிழமைகளிலேயே நச்சுயிரி மீண்டும் தோன்றிவிடுகிறது. இத்தனை நாளும் அஃது எங்கே இருந்தது?

துணை டி உயிரணுக்களில் நினைவு உயிரணுக்கள் என்று ஒருவகை உண்டு. ஒருமுறை கண்ட பகையை மறவாது, அது மீண்டும் வரும் வரையில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடப்பது அவற்றின் இயல்பு. அந்த நெடுவாழ்வே இங்கே கேடாக முடிந்தது. இடைச்செருகல் உற்ற ஏடு அவ்வுறங்கும் உயிரணுக்களுள் சிலவற்றில் தங்கிவிடுகிறது. உறங்கும் உயிரணு அவ்வேட்டைப் படிப்பதில்லை. படிக்காததால் துணுக்கும் இல்லை. துணுக்கு இல்லாததால் கொல்லி உயிரணுவின் கண்ணுக்கு அது பகையாகத் தோன்றுவதும் இல்லை. பால்டிமோர் நகரத்து ராபர்ட் சிலிசியானோவும் அவர்தம் குழுவினரும் இவற்றின் தொகை பாதியாகக் குறைய ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகும் என்று கணக்கிட்டனர். முழுதும் ஒழிவதற்கு ஒருவர் வாழ்நாள் போதாது.

கட்டுப்படுத்துவோரின் உடலில் இச்செருகல் ஏடுகள் எந்நிலையில் உள்ளன என்று ஆராய்ந்து 2020இல் ஒரு செய்தி வெளியிடப்பட்டது. கட்டுப்படுத்துவோர் 64 பேரும், மருந்து உண்போர் 41 பேரும் அவ்வாராய்ச்சிக்கு உட்பட்டனர். கட்டுப்படுத்துவோரிடத்தில் எஞ்சியிருந்த முழு ஏடுகளுள் பல, மரபணுக்கள் இல்லாத வறண்ட பகுதிகளில், உயிரணு எடுத்துப் படிக்காத மூலைகளில் கிடந்தன. பரணில் எறிந்த சுவடி போல அவை அங்கே இருந்தும் பயன்பட்டில. படிக்கப்படும் இடங்களில் செருகப்பட்டவற்றைக் கொல்லி உயிரணுக்கள் ஆண்டுதோறும் தேடித் தேடி அழித்துவிட, படிக்கப்படாதவை மட்டும் எஞ்சின என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அவருள் ஒருவரிடத்தில், 150 கோடிக்கு மேற்பட்ட உயிரணுக்களைச் சோதித்தும், சிதைவுறாத ஏடு ஒன்றும் கிடைக்கவில்லை.